நிரம்பிய சலப்பையும் சஷ்டி விரதமும்

போன கிழமை, நான் வேலை செய்த கதிர்ச்சிகிச்சைப் பிரிவிலிருந்து மூன்று பிள்ளைகள் கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள். புது மெஷின் வருகிறதாம், அதற்கு ஒரு மலர் வெளியிடுகிறார்களாம், ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டுமாம். "மிஸ், நல்ல விஷயமாய் எழுதுங்கோ" என்றாள் ஒருத்தி. நல்ல விஷயம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிப் பணிப்பாளரிடம் போயிருக்க வேண்டும். என்னிடம் வந்தது அவர்களுடைய பிழை.

அந்தப் புது மெஷின் ஒவ்வொரு நாளும் கதிர் விடுமுன்னர் தானே ஒரு படம் எடுத்துப் பார்க்குமாம். குடல் எங்கே கிடக்கிறது, சிறுநீர்ப்பை எவ்வளவு நிரம்பியிருக்கிறது எல்லாம் திரையில் வந்துவிடுமாம். கேக்கை வெட்டும்போது ஒருத்தி கேட்டாள்: "மிஸ், உங்கடை காலத்திலை கிழமைக்கு ஒரு படம்தானே எடுத்தனீங்கள். மற்ற நாளிலை சலப்பை நிரம்பினது எப்பிடித் தெரியும்?"

"மூஞ்சியைப் பாத்து" என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை.

வெளியூரார் வாசித்தால் விளங்கட்டும் என்று சொல்கிறேன்: சிறுநீரை நாங்கள் சலம் என்போம், அது சேர்கிற பை சலப்பை. என் வேலைக்காலத்தின் பாதி, வயது போன ஆண்களின் சலப்பை நிரம்பும்வரை காத்திருந்ததில் போனது. ஆண்களுக்கு வருகிற புரொஸ்ரேற் சுரப்பிப் புற்றுநோய்க்குக் கதிர் விடுகிற கட்டிலில் நான் நின்றேன். "என்ரை மனுசி ஊர்க் கிழவரெல்லாற்றை வேட்டியையும் அவிட்டுச் சம்பளம் எடுக்கிறா" என்று என் கணவர் கலியாண வீடுகளில் சொல்லித் திரிவார். மனுசன் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கொழும்பில் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன், பாஸ் பண்ணினேன், சைவ வீட்டுப் பிள்ளையாய்ப் போய் ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி தின்னப் பழகி வந்தேன். உண்மையான படிப்பு இங்கே வந்த முதல் நாள்தான் தொடங்கியது.

பிரிவுத் தலைவர் அருளப்பு சேர். இளவாலைப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கர். முழுக்கைச் சேட்டு, மினுக்கிய சப்பாத்து. குரல் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். கோபம் வந்தால் இன்னும் தணிந்து கதைப்பார். ஒன்றுமே கேட்கவில்லை, வாய் மட்டும் அசைகிறது என்றால் அன்றைக்கு எங்களுக்குச் சனி.

"காலைமை என்ன குடிச்சனீர்?" என்று என்னைக் கேட்டார்.

"தேத்தண்ணி, சேர்."

"காணாது. உந்தப் போத்தலை முழுக்கக் குடியும்."

குடித்தேன். முக்கால் மணித்தியாலம் வெளியே நீள மர வாங்கில் இருக்க வைத்தார். பிறகு கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னார். அது மெத்தை இல்லாத கட்டில், முதுகில் பட்டால் ஐஸ். குளிரூட்டி வேறு முழு வேகத்தில் ஓடியது. "அசையப்படாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தடித்த கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"எப்பிடி இருக்குது?"

"சேர், எனக்கு அவசரம்."

"நோயாளியும் உதைத்தான் சொல்லுவார். அப்ப நீர் அவருக்கு என்ன சொல்லுவீர்?"

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா எண்டு சொல்லுவன்."

"அப்ப கொஞ்சம் பொறும், பிள்ளை."

கதவு திறந்ததும் நான் ஓடிய ஓட்டத்தை அங்கே வேலை செய்த எல்லோரும் பார்த்தார்கள். மிச்சத்தை ஒரு மலரில் எழுத முடியாது. ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு நோயாளியைப் பார்த்து "ஏன் ஐயா உதைக்கூட அடக்கேலாதோ?" என்று என் வாயில் வந்ததே கிடையாது.

சலப்பை ஏன் நிரம்ப வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். காரணம் லேசு. புரொஸ்ரேற் சுரப்பி சலப்பைக்குக் கீழே இருக்கிறது. பை நிரம்பினால் மேலே கிடக்கிற குடலைத் தள்ளி அப்புறப்படுத்திவிடும். பை வெறுமையாய் இருந்தால் குடல் சரிந்து கதிர் போகிற வழியில் வந்து குந்திவிடும். குந்தினால் குடல் வேகும். அதே நேரம் பின்பக்கத்து மலக்குடல் வெறுமையாய் இருக்க வேண்டும், காற்றும் இருக்கக்கூடாது. முதல் நாள் இரவு ஒரு சட்டி ஒடியற்கூழ் குடித்துவிட்டு வந்த ஒருவரின் படத்தைப் பார்த்து, "இது குடலோ பலூனோ?" என்று பெரிய டொக்டர் கேட்டார். ஆக, முன்னுக்கு நிரப்ப வேண்டும், பின்னுக்குக் காலி பண்ண வேண்டும். இதைத் தகப்பன் வயதுக்காரருக்கு விளங்கப்படுத்துவது என் பொறுப்பு. அருளப்பு சேர் "அந்தப் பகுதி", "இந்த அலுவல்" என்று சுற்றி வளைப்பார், கிழவர்களுக்கு ஒரு கோதாரியும் விளங்காது. நான் நேரே சொல்வேன். திடுக்கிடுவார்கள், ஆனால் செய்வார்கள்.

பிறகு இடுப்பைச் சுற்றி மூன்று இடத்தில் கடுகளவு புள்ளி பச்சை குத்துவோம். சுவரிலிருந்து வருகிற லேசர்க் கோடுகள் அந்தப் புள்ளிகளில் விழும்படி ஆளை அரக்கி அரக்கிப் படுக்க வைக்க வேண்டும். வேட்டியைத் தளர்த்தினதும் எங்கள் ஆட்களுக்கு விசாரணை தொடங்கிவிடும். "பிள்ளை எவடம்? ஆற்றை மேள்?" கீழே ஒன்றும் இல்லாமல் கிடந்துகொண்டு என் தகப்பனார் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று ஒரு ஓய்வு பெற்ற அதிபர் அறிய விரும்பினார். சொன்னேன். "அட, அவன்ரை பெட்டையோ!" என்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

கால் அசையாமலிருக்க, இரண்டு பாதத்தையும் ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டும்படி மெஷினோடு வந்த புத்தகத்தில் இருந்தது. அருளப்பு சேர் அதைச் செய்ய விடவில்லை. "எங்கடை சனத்துக்கு எப்ப காலைச் சேர்த்துக் கட்டுறது?" என்று மெதுவாய்க் கேட்டார். பிணத்துக்குத்தான். அவரே ஒரு தச்சரிடம் போய், குதி இரண்டும் பதிந்து நிற்க ஒரு பலகைக் கட்டை செய்வித்து வந்தார்.

அவருடைய பெரிய கெட்டித்தனம் வேறு. எங்கள் ஆட்களுக்கு நோயைவிட ஊர் வாய்க்குப் பயம் கூட. மகளுக்குப் பேச்சுக்கால் நடக்கும், மகனுக்குக் கனடாவில் பொம்பிளை பார்ப்பார்கள், இந்த நேரத்தில் தகப்பனுக்குப் புற்றுநோய், அதுவும் அந்த இடத்தில் என்று வெளியே வந்தால் போச்சு. அதனால் சேர் ஊர் பார்த்துத்தான் நேரம் கொடுப்பார். ஒரே ஊரார் இரண்டு பேர் ஒரு வாங்கில் சந்திக்கவே மாட்டார்கள். புதிதாய் ஒருவர் வந்தால் எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சந்தியில் பஸ் ஏறுகிறவர், கலியாணம் முடித்தது எங்கே என்று கேட்பார். நோயாளிகள் அதையும் வைத்திய விசாரணை என்று நினைத்து விரிவாய்ப் பதில் சொல்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது, இலக்கம் மட்டும்தான்.

இப்போது பொன்னம்பலத்தாருக்கு வருகிறேன். அது அவருடைய பெயர் இல்லை. ஊரையும் சொல்லமாட்டேன், சுன்னாகத்துக்குச் சுற்றுவட்டாரம் என்பது போதும். வெங்காயமும் புகையிலையும் செய்கிற பெரிய கமக்காரர், ஊர் முருகன் கோயில் தர்மகர்த்தா, புராணப் படிப்பில் பயன் சொல்லுகிறவர். ஊருக்குக் கண் கிளினிக் என்று சொல்லிவிட்டு எங்களிடம் வருவார். பொய்க்குப் பொருத்தமாய் ஒரு கறுப்புக் கண்ணாடியும் போட்டிருப்பார். அந்தக் கண்ணாடியோடு நெற்றி நிறையத் திருநீற்றையும் பார்க்கிறபோது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் விடிய வருவார்.

அதே கோயிலின் ஐயர் மத்தியானப் பூசை முடிந்து வருவார். ஓம், அதே நோய், அதே கட்டில். வேட்டியோடு வந்தால் ஆள் தெரிந்துவிடும் என்று நீளக் காற்சட்டை போட்டு, குடுமியைக் கிரிக்கெட் தொப்பிக்குள் அமத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். ஒருவர் விடிய, ஒருவர் மத்தியானம். இரண்டு பேருக்கும் மற்றவர் வருவது தெரியாது.

தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டு பேரும் கட்டிலில் கிடந்துகொண்டு மற்றவரைத் திட்டுவார்கள். முந்தின வருடச் சஷ்டியில் ஐயர் பூசைக்கு முன் சந்திக் கடையில் பிளேன்ரீ குடித்ததை யாரோ கண்டு சொல்ல, பொன்னம்பலத்தார் கோயில் ஒலிபெருக்கியிலேயே அதை எடுத்து விளாசியிருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. "அவர் எப்ப சறுக்குவார் எண்டு நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் மிஸ்" என்று ஐயர் முகட்டைப் பார்த்தபடி சொல்வார்.

அந்த வருடம் எங்கள் மெஷினில் ஏதோ ஒன்று எரிந்து, வெளிநாட்டிலிருந்து சாமான் வரும்வரை எல்லோருக்கும் சிகிச்சை நின்றுபோனது. கதிரை நடுவில் நிறுத்தினால் கட்டிக்கு மூச்சு வந்துவிடும். மெஷின் எழும்பியதும் பெரிய டொக்டர் எல்லோருக்கும் கண்டிப்பாய்ச் சொன்னார், இனி ஒரு நாளும் தவறக்கூடாது என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை கந்தசஷ்டி தொடங்கியது.

திங்கள் விடிய பொன்னம்பலத்தார் கட்டிலில் ஏறினார். வயிறு ஒட்டியிருந்ததால் லேசர்க் கோடு புள்ளியில் விழவில்லை. அரக்கப் போய்க் குனிந்தபோது அவர் வாய் மணம் மூக்கில் அடித்தது. என் மாமி சஷ்டி பிடிக்கிறவர், அந்த விரத மணம் எனக்குத் தெரியாததா?

"ஐயா, தண்ணி குடிச்சனீங்களோ?"

"ஓம் பிள்ளை. நிறைய."

அடிவயிற்றில் கையை வைத்து அமத்தினேன். சலப்பை நிரம்பியவன் என்றால் துள்ளிவிடுவான். இவர் மூலஸ்தானத்து விக்கிரகம் மாதிரிக் கிடந்தார்.

"சஷ்டி பிடிக்கிறியள், என்ன?"

"நாப்பது வருஷமாய்ப் பிடிக்கிறன். பச்சைத் தண்ணியும் பல்லிலை படாமல்."

"இந்தமுறை விடுங்கோ."

"விட்டால் ஏனெண்டு ஊர் கேக்குமெல்லோ? கண் நோவுக்கு ஆர் பிள்ளை விரதத்தை விடுறது?"

சொன்ன பொய்யே மனுசனைப் பிடித்துக் கட்டிவிட்டது. "அப்ப இஞ்சை வந்து குடியுங்கோ. ஆர் காணப்போறது?" என்றேன்.

"முருகன் காண்பார்."

"முருகனுக்கு உந்தக் கண்ணாடி தெரியேல்லையோ? பொய் சொல்லலாம், தண்ணிதான் குடிக்கக்கூடாதோ?"

"பொய்க்குப் பிராயச்சித்தம் இருக்குது. விரதம் முறிச்சால் இல்லை. அதோடை, ஒரு வாய்ப் பிளேன்ரீக்கு அந்த ஐயரை ஊருக்கு முன்னாலை நாறடிச்சனான். இப்ப நானே குடிக்கிறதோ?"

எனக்கு விசர் வந்தது. அந்த ஐயர் மத்தியானம் வந்து இதே வாங்கில் இருந்து மடக் மடக் என்று தண்ணீர் குடிக்கப் போகிறார். அது எனக்குத் தெரியும். ஒரு வசனம் சொன்னால் போதும். நுனி நாக்கு வரை வந்துவிட்டது. ஓடிப்போய் அருளப்பு சேரிடம் கேட்டேன்.

"சொல்லப்படாது" என்றார்.

"சேர், இவர் உயிரைக் குடுக்கப் போறார். ஒரே ஒரு வசனம்."

"ஒருத்தற்ரை சலப்பை மற்றவருக்குச் செய்தியில்லை, பிள்ளை." அதற்குப் பிறகு வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

சேரே உள்ளே வந்து, பொன்னம்பலத்தாரின் வேட்டியை எடுத்து மூடிவிட்டுச் சொன்னார்: "மன்னிக்க வேணும். தண்ணி குடியாமல் நான் கதிர் விடமாட்டன். குடல் கருகும். இண்டைக்கு ஒண்டும் தெரியாது, பேந்து இரத்தம் இரத்தமாய்ப் போகும்."

"விடாட்டில்?"

"கட்டி வளரும்."

"ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டும் இல்லையோ?"

"ஒரு போத்தல் தண்ணி இருக்குது" என்று சேர் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். பொன்னம்பலத்தார் அதைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாயும் வந்தார், குடிக்கவில்லை, திரும்பிப் போனார். புதனும் அதே கதை. குடிக்கவும் மாட்டார், வராமல் இருக்கவும் மாட்டார். அவருடைய மனைவி எனக்கு ரெலிபோன் எடுத்து அழுதார். "பிள்ளை, மனுசன் செத்தாலும் குடியாது. தேசிக்காய்த் தண்ணி கரைச்சுக் குடுத்தன், என்ரை கண்ணுக்கு முன்னாலை செவ்வரத்தைச் செடிக்கு ஊத்திப்போட்டுது. எனக்கு ஆரும் இல்லைப் பிள்ளை. பிள்ளையள் எல்லாம் வெளியிலை." அந்த மனுசியின் அழுகை என் காதை விட்டுப் போகவேயில்லை. அன்றைக்கு நான் சமைக்கவும் இல்லை, மாமியின் விரதச் சாமான்களைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

பெரிய டொக்டர் பொன்னம்பலத்தாரை வியாழன் மத்தியானம் தன்னிடம் வரச் சொன்னார். இதுதான் கடைசிக் கதை, ஒத்துக்கொள்ளாவிட்டால் சிகிச்சையை இத்தோடு முடிக்க வேண்டும் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். பாதியில் விட்ட கதிரைப் பிறகு நினைத்தபடி தொடங்க முடியாது. பொன்னம்பலத்தாருக்கும் அது தெரியும். வியாழன் விடிய வந்து, முதுகு நிமிர்ந்தபடி வாங்கின் ஒரு கரையில் இருந்தார். உதடு வெடித்துக் கிடந்தது.

எட்டு மணிபோலக் கரண்ட் நின்றது. ஜெனரேற்றர் லைற்றுக்கும் வார்டுக்கும்தான் காணும், எங்கள் மெஷினை அதில் ஓட்ட முடியாது. விடிய வந்தவர்கள் தண்ணீர் குடித்தபடி வாங்கில் நெளிந்தார்கள். சிலர் ஓடிப்போய்விட்டு வந்து மறுபடி முதலிலிருந்து குடித்தார்கள். பத்து மணிக்காரர் சேர்ந்தார்கள், பதினொரு மணிக்காரர் சேர்ந்தார்கள். ஊர் பார்த்துக் கட்டிய ஒழுங்கெல்லாம் அன்றைக்கு உடைந்தது. சேர் வேர்த்து விறுவிறுத்து ஐயருக்கு ரெலிபோன் எடுத்தார், வரவேண்டாம் என்று சொல்ல. பூசையில் நிற்கிற ஐயர் போனை நிறுத்தித்தான் வைத்திருப்பார்.

மத்தியானம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தொப்பியும் காற்சட்டையும் அரைவாசி குடித்த போத்தலுமாய் ஐயர் உள்ளே வந்தார். வாங்கு முழுக்க ஆட்கள். ஒரே ஒரு இடம்தான் இருந்தது, பொன்னம்பலத்தாருக்குப் பக்கத்தில். கறுப்புக் கண்ணாடி போட்ட கிழவரை ஐயர் ஏறிட்டும் பார்க்காமல் அதில் இருந்தார். பொன்னம்பலத்தாரும் திரும்பவில்லை.

நானும் சேரும் கதவடியில் நின்று பார்த்தோம். ஒன்றும் செய்ய வழியில்லை. ஐயரைக் கூப்பிட்டு எழுப்பினால் இவர் பார்ப்பார், இவரைக் கூப்பிட்டால் அவர் பார்ப்பார். சேர் சிலுவை அடையாளம் போட்டார். அவர் வேலை நேரத்தில் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

விசிறியும் ஓடவில்லை, ஆள் அவிகிற புழுக்கம். ஐயர் இரண்டு வாய் தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். வேர்வை தாங்காமல் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு விசுக்கினார். குடுமி தோளில் விழுந்தது.

பொன்னம்பலத்தார் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா?"

ஐயர் எழும்பப் பார்த்தார். நிரம்பிய சலப்பையோடு சடாரென்று எழும்ப முடியாது. அப்படியே இருந்துவிட்டார். "கண் கிளினிக் இதுவோ?" என்று கேட்டார்.

"நீங்கள் என்ன காற்சட்டையோடை?"

"வேட்டியோடை வந்தால் விடுவினமோ ஊரிலை?"

"உங்களுக்கு எவடத்திலை?"

"உங்களுக்கு எவடத்திலையோ, எனக்கும் அவடத்திலைதான்."

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முகட்டைப் பார்த்தார்கள். பொன்னம்பலத்தாரின் கண் போத்தலில் நின்றது. "சஷ்டியிலை தண்ணி குடிக்கிறியள்" என்றார். நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தேன். வெடிக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

"ஓம், குடிக்கிறன்" என்றார் ஐயர். "முதல் நாளே முருகனிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் குடிச்சனான். நான் இருந்தால்தான் உனக்குப் பூசை, பாத்துக்கொள் எண்டு சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. இனி நீங்கள்தான் ஒலிபெருக்கியிலை சொல்லவேணும்."

பொன்னம்பலத்தார் கையிலிருந்த கண்ணாடியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, "எனக்குத் திங்களிலை இருந்து கதிர் விடேல்லை ஐயா. குடியாமல் விடமாட்டினமாம்" என்றார். "எனக்குப் பயமாய்க் கிடக்குது."

நாங்கள் எத்தனை நாள் எத்தனை விதமாய்க் கேட்டும் அந்த மனுசன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. ஐயர் தொப்பியை நிலத்தில் வைத்தார். போத்தல் மூடியைத் திருகினார்.

"கையை நீட்டுங்கோ."

"ஐயா, விரதம்..."

"நான் தாறன். நீட்டுங்கோ."

பொன்னம்பலத்தார் எழும்பினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். குனிந்து, வலக்கையைக் குழித்து, இடக்கையை அதற்குக் கீழே கொடுத்து நீட்டினார். அந்தப் பிளாஸ்டிக் போத்தலிலிருந்து ஐயர் கொஞ்சமாய் ஊற்றினார். அவர் அதை உறிஞ்சினார், ஈரக்கையைத் தலையில் தடவினார். மறுபடி நீட்டினார். ஐயர் மறுபடி ஊற்றினார். போத்தல் முடியும்வரை ஒரு கை, ஒரு கையாய் அப்படியே நடந்தது. பொன்னம்பலத்தாரின் கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்கும்தான். கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்காதவள் நான், கதவடியில் நின்று கைக்குட்டை இல்லாமல் மூக்கை உறிஞ்சினேன். சேர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போத்தல் முடிந்ததும் சேர் அவர்களுக்குக் கிட்டப் போனார். இன்னொரு போத்தலை ஐயர் கையில் கொடுத்து, "மன்னிக்க வேணும். இன்னும் ஒண்டு போகவேணும்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது புராணத்தில் வராது. கரண்ட் வந்தது. வந்தவுடன் மெஷின் வேலை செய்யாது, சூடேறி ஒழுங்குக்கு வர நேரம் எடுக்கும். விடிய வந்தவர்கள் முதலில் போக, இவர்கள் இரண்டு பேரும் வாங்கில் காலைப் பின்னிக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் எழும்பி நடப்பார், மற்றவர் "இருங்கோ, நடந்தால் கூடும்" என்பார். முதலில் யார் உள்ளே போவது என்று திடீரென்று வழக்கு வந்தது. தான்தான் முதலில் குடிக்கத் தொடங்கியவர் என்றார் ஐயர். தனக்குத் திங்களிலிருந்து நிலுவை என்றார் பொன்னம்பலத்தார். ஒரு வருடமாய்ப் பேசாத இரண்டு பேரும் சலத்துக்காக அப்படிக் கதைத்தார்கள். கடைசியில் ஐயர் முதலில் போனார், மாலைப் பூசைக்கு அவர் போய்க் கதவு திறக்க வேண்டும் என்றதால். இரண்டு பேரும் சிகிச்சையை முழுதாய் முடித்தார்கள். இன்றைக்கும் இருக்கிறார்கள், இன்றைக்கும் கோயில் விஷயத்தில் ஆளுக்கு ஆள் பிடுங்குப்படுகிறார்கள் என்று கேள்வி.

ஆனால் எனக்கு அந்த வியாழன்தான் நிற்கிறது. ஐயர் காற்சட்டையைப் பிடித்தபடி மலசலகூடத்துக்கு ஓட, பொன்னம்பலத்தார் குறுக்கால் வந்து கட்டிலில் ஏறினார். குதியைக் கட்டையில் வைத்தேன். கோடுகள் புள்ளியில் விழ, இடுப்பைப் பிடித்து ஒரு விரற்கடை அரக்கினேன்.

"கோதாரி விழுவாளே, கையை எடு!" என்று கத்தினார். "உதென்ன மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு நிக்கிறாய்? கெதியாய்ப் போய் மெஷினைப் போடடி பிள்ளை, இனி என்னாலை ஏலாது!"

அந்தக் கட்டிலடியில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு திட்டுக்காக நாலு நாளாய்க் காத்துக்கிடந்தது அந்த ஒரு தரம்தான். சிரிப்பும் அழுகையுமாய் வெளியே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.